பிக்கப் வண்டிக்குப் பலகைத் தளம்: ஒரு பேங்க்காரனின் கணக்கு

ஒரு பிக்கப் வண்டியில் சொந்தக்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் பாகம் எது? இன்ஜின் என்று சொல்வீர்கள். டயர் என்றும் சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தொட்டி, அதிலும் தொட்டியின் அடித்தளம். வாடகை என்று வருவதெல்லாம் அந்தத் தளத்தின் மேல் உட்கார்ந்து வருகிற சரக்குக்குத்தானே? ஆனால் வண்டிக் கடன் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். இன்ஜின் நம்பர் இருக்கும், சேசிஸ் நம்பர் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். தளத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பத்தொன்பது வருஷமாக பேங்க் உத்தியோகம். பி.காம். படித்துவிட்டு ஊர் ஊராக மாற்றலாகி இப்போது நாசிக் மாவட்டத்தில் குப்பை கொட்டுகிறேன். சுற்றிலும் வெங்காயமும் திராட்சையும். எங்கள் கிளையில் கடன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பிக்கப் வைத்திருப்பார்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். அதனால் இந்தப் பலகை விவகாரம் எனக்கு அத்துப்படி. ஆசாரி வேலை தெரியாது, கணக்கு தெரியும். கணக்கோடு, ஆசாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சொல்ல வருவது இவ்வளவுதான். சரக்குக்கு ஏற்ற பலகைத் தளம் என்பது வண்டிக்கு அலங்காரம் கிடையாது, வண்டியின் ஒரு பாகம். அதன் செலவை வண்டி வாங்கும்போதே கடனுக்குள் கொண்டுவர வேண்டும். தனியாக விட்டால் வெளியே கைமாற்று வாங்கிப் போடுவார்கள், அதில்தான் முதல் தவணை தடுமாறும்.

இந்தப் பழக்கம் எங்கே தொலைந்தது?

எங்க ஊர்ப் பக்கம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. லாரி வாங்குவது என்றால் அங்கே இரண்டு வேலை. கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். பாடி கட்டுவது நாமக்கல்லில். வண்டிக்காரர் பட்டறையில் போய் உட்கார்ந்து, என்ன சரக்கு ஏற்றப் போகிறேன், தளத்துக்கு என்ன மரம், எத்தனை கனம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்பார். பேங்க் ஃபைலிலும் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று சேசிஸ் பில், இன்னொன்று பாடி கட்டும் கொட்டேஷன். இரண்டையும் கூட்டித்தான் கடன்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம்ம ஊரில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி. யானை மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை பாருங்கள்! 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் தொட்டியோடு, முழு வண்டியாகவே கைக்கு வருகின்றன. சாவியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது காகிதம் ஃபைலிலிருந்து காணாமல் போனது. அதோடு 'என்ன சரக்கு ஏற்றப் போகிறாய்?' என்ற கேள்வியும் போனது. கம்பெனி கொடுப்பது எல்லாச் சரக்குக்கும் பொதுவான தகரத் தளம். வெங்காயமும் அதில்தான், உர மூட்டையும் அதில்தான், நம் வீட்டு பீரோவும் அதில்தான்.

தகரத்துக்கு என்ன குறை?

மணல், ஜல்லி, செங்கல் ஏற்றுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பலகை போட்டால்தான் வீண். மீன் ஏற்றுகிறவருக்கும் பலகை வேண்டாம். நீரும் நாற்றமும் மரத்தில் ஊறிவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

வெங்காயக் கதை வேறு. லாசல்காவ், பிம்பள்காவ் பஸ்வந்த் சந்தைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். டிராக்டரிலும் பிக்கப்பிலும் வெங்காயத்தை மூட்டை கட்டாமல் அப்படியே குவித்துக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். வண்டி வண்டியாக ஏலம் நடக்கும். ஏப்ரல், மே வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். தகரம் சூட்டை வாங்கி அப்படியே அடி வெங்காயத்துக்குக் கொடுக்கும். வெங்காயம் வியர்க்கும், அடியில் ஈரம் கோக்கும். ஏலம் கேட்கிற வியாபாரி கையை உள்ளே விட்டு நாலு வெங்காயத்தை எடுத்து அழுத்திப் பார்த்தால் விலை அங்கேயே இறங்கும்.

இது விவசாயிக்குத் தெரியாததா? அவர் வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற கொட்டகைக்கு இங்கே காந்தா சாள் என்று பெயர். அதன் தளம் மண்ணில் படாது. தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்ட சட்டங்களின் மேல்தான் வெங்காயம் கிடக்கும். அடியிலிருந்து காற்று வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வீட்டில் இத்தனை பத்திரமாக வைத்த சரக்கைச் சந்தைக்குப் போகும் நாளில் சுடு தகரத்தில் கொட்டுவது என்ன நியாயம்?

திரும்பி வரும்போது வண்டி சும்மா வராது, உரம் ஏறும். பொட்டாஷ் என்பது உப்பு வகை. மூட்டையிலிருந்து சிந்தியது ஈரத்தோடு சேர்ந்து தகரத்தின் பள்ளங்களில் தங்கினால் துரு நிச்சயம். நாலைந்து வருஷ வண்டிகளில் மேலே பெயின்ட் பளபளக்கும், தளம் மட்டும் சல்லடையாக இருக்கும். வண்டியை விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

பலகை போடுவது எப்படி?

ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்று ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். பரப்பு 49.5 சதுர அடி.

மரம்: நம்ம கருவேலம்தான். இங்கே பாபூள் என்பார்கள். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து பேர் பெற்ற மரம், அடி தாங்கும். வாங்கும்போது வைரம் பாய்ந்த பலகையாகப் பார்க்க வேண்டும். வெளிறிய மேல்வெள்ளை இருந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். நன்றாகக் காய்ந்த மரமா என்பது அதைவிட முக்கியம். பச்சை மரத்தை இறுக்கிப் போட்டால் வெயிலில் சுருங்கி, முறுக்கி, போல்ட்டையே வளைக்கும்.

பலகை: ஒரு அங்குலக் கனம், ஐந்து ஆறு அங்குல அகலம். அதைவிட அகலமானால் ஓரம் தூக்கிக்கொள்ளும். பலகை வண்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் மண்வெட்டி வழுக்கிப் போகும், சரக்கும் தடங்கல் இல்லாமல் பின்கதவுக்கு வரும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு பலகை ஓரமும் மண்வெட்டிக்கு ஒரு படிக்கட்டு.

இடைவெளி: பலகைக்கும் பலகைக்கும் நடுவில் 4, 5 மில்லிமீட்டர். சுற்றுச் சுவரோரம் 10 மில்லிமீட்டர். மரம் மழையில் அகலவாக்கில்தான் உப்பும். இடம் விடாவிட்டால் தளம் நடுவில் கூரை மாதிரி எழும்பும். இந்த இடைவெளிதான் வெங்காயத்துக்குக் காற்று, தண்ணீருக்கு வழி.

அடிச்சட்டம்: பலர் கோட்டை விடுவது இங்கேதான். பலகையைத் தகரத்தின் மேல் அப்படியே படுக்க வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, பலகை இல்லாத வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். முக்கால் அங்குலச் சட்டங்களைக் குறுக்கே வைத்து, அதன் மேல் பலகை வர வேண்டும். சட்டத்தின் அடியில் பழைய டியூப் ரப்பர் ஒட்டினால் தகரத்தின் பெயின்ட் உரசாது. தகரத்தின் பள்ளங்கள் நீளவாக்கில் இருப்பதால் சட்டத்துக்கு அடியிலேயே தண்ணீர் பின்பக்கம் ஓடிவிடும்.

மாட்டுவது: மூன்று தனித்தனித் தட்டுகளாகச் செய்யச் சொல்லுங்கள். பலகையும் சட்டமும் சேர்ந்தது ஒரு தட்டு. தலை உருண்டையாக, தலைக்குக் கீழே சதுரக் கழுத்து உள்ள போல்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அந்தக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும், இறுக்கும்போது சுற்றாது. தலை பலகை மட்டத்துக்கு மேல் துருத்தாமல் இறங்கி இருக்க வேண்டும். ஆணி வேண்டவே வேண்டாம். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஆணி மெல்ல மேலே வந்து மூட்டையைக் கிழிக்கும், காலையும் கிழிக்கும்.

தொட்டியோடு பிணைக்க ஏற்கெனவே இருக்கும் துளைகளையே முடிந்தவரை பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டுமானால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. சேசிஸ் சட்டத்தில் துளை போடவே கூடாது. துளையின் ஓரத்துக்கு ரெட் ஆக்சைடு பூசிவிட்டு போல்ட் போடுங்கள். கழற்றி மாட்டுகிற தட்டாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறை தூக்கி நிறுத்தி அடித் தகரத்தைக் கழுவிக் காயவிடலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கட்டாயம்.

பூச்சு: மேலே எதைப் பூசுகிறீர்கள் என்பதைவிடப் பலகையின் அடிப்பக்கமும் வெட்டு முனைகளும் பூசப்பட்டதா என்று பாருங்கள். தண்ணீர் நுழைவது அந்த முனைகளில்தான். சிலர் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவார்கள். செலவில்லைதான். ஆனால் சாப்பிடுகிற பொருள் ஏற்றும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு

49.5 சதுர அடி, ஒரு அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 4.1 கன அடி. கருவேலம் கன மீட்டருக்கு 800 கிலோ என்று வைத்தால் பலகை மட்டும் 93 கிலோ. சட்டமும் போல்ட்டும் சேர்ந்தால் 105 கிலோ. ஒன்றரை டன் ஏற்ற அனுமதி உள்ள வண்டியில் இது 7 சதவீதம். இதை ஆசாரி சொல்ல மாட்டார், டிரைவரும் யோசிக்க மாட்டார். எடைமேடையில் நிற்கும்போது பலகையும் எடைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. ஆகவே பலகை போட்டவர் 105 கிலோ சரக்கைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

கிரேட், பால் கேன், வீட்டுச் சாமான் மட்டும் ஏற்றுகிறவருக்கு 12 மில்லிமீட்டர் ஷட்டரிங் ப்ளைவுட் போதும். அதே பரப்புக்குப் பலகையைவிட எடை குறைவு. ஓரங்களை நன்றாகப் பூசி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறிப் பிரியும். அடியில் காற்று வராது என்பதால் குவித்துக் கொட்டும் வெங்காயத்துக்கு இது சரிப்படாது. சரக்கைப் பார்த்துத் தளம். அவ்வளவுதான் சூத்திரம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்

போன சீசனில் ஒருவர் எஸ்டிமேட் கொண்டுவந்தார். மரம் 9,000, சட்டமும் ரப்பரும் 2,000, போல்ட்டும் பெயின்ட்டும் 2,000, கூலி 5,000. ஆக மொத்தம் 18,000 ரூபாய்.

"சாஹேப், இதுக்கும் லோன் உண்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வண்டிக்கு உண்டுன்னா தளத்துக்கும் உண்டுதானே பாவு, உட்காருங்க" என்றேன்.

அவர் கேட்டதால் நடந்தது. கேட்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? தினசரி வசூல்காரரிடம் போகிறார்கள். நம்ம ஊர் தண்டல் மாதிரிதான். 20,000 என்று எழுதி 18,000 கையில் கொடுப்பார். தினம் 200 வீதம் நூறு நாள். வட்டி 2,000தானே என்று தோன்றும். குறைந்துகொண்டே வரும் பாக்கியின் மேல் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அதே 18,000-ஐ வண்டிக் கடனோடு சேர்த்து, 10 சதவீத வட்டியில் 60 மாதத்துக்குப் போட்டால் தவணையில் 382 ரூபாய்தான் கூடும். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷத்தில் மொத்த வட்டி 4,950 ரூபாய் ஆகும். தண்டல் வட்டி 2,000-ஐவிட அதிகம். 'அப்போ தண்டல்தானே லாபம்?' என்று கேட்பீர்கள்.

ரூபாயை மட்டும் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள். தண்டலில் முதல் நூறு நாளில் கையிலிருந்து போவது 20,000. பேங்க்கில் அதே காலத்தில் மூன்று தவணைக்கு 1,146. புது வண்டிக்கு வாடகை பிடிபடுகிற காலம் எது? அதே நூறு நாள்தான். வசூல்காரர் தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பார், பேங்க் நிற்காது. அப்புறம் யாருக்குப் பணம் முதலில் போகும்? தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் எங்கள் கணக்கில் அது வாராக் கடன். பதினெட்டாயிரம் ரூபாய்ப் பலகைக்காகப் பத்து லட்ச ரூபாய் வண்டியின் பெயர் கெடும், அவர் கிரெடிட் ஸ்கோரும் கெடும். அடுத்த கடன் கேட்கும்போது எந்த மேனேஜரும் பலகைக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அதனால்தான் அந்த இரண்டாவது காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்கிறேன். வண்டி கொட்டேஷனோடு ஆசாரியின் எஸ்டிமேட்டையும் விண்ணப்பத்திலேயே வையுங்கள். "தனியா வாங்க" என்று கவுன்டரில் சொன்னால், மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். வண்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் 2015-ல் வந்த முத்ரா திட்டம் இருக்கிறது. அதில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. ஆசாரிக்கும் வழி உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் தச்சு வேலை ஒரு தொழிலாகப் பட்டியலில் இருக்கிறது, 5 சதவீத வட்டியில் முதல் கட்டமாக ஒரு லட்சம் வரை. எங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். தளத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி மதிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுக்காத பாகத்தை அறிவிக்காவிட்டால் விபத்தில் அதற்குப் பணம் வராது. அடுத்தது, தளம் போடுகிற சாக்கில் தொட்டியின் நீள, அகல, உயரத்தில் கை வைக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கழற்றி மாட்டும் தட்டுதான் என்றாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதி.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. புனே, மும்பை, சூரத், இந்தூர் என்று எங்கே போனாலும் நம்மவர்களில் யாரோ ஒருவர் இட்லி மாவோ இளநீரோ வாழை இலையோ விற்று, ஆட்டோவிலிருந்து பிக்கப்புக்கு உயர்கிற கட்டத்தில் இருப்பார். மொழி முழுசாகப் பிடிபடாத ஊரில் பேங்க்குக்குப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, தமிழ் தெரிந்த வட்டிக்காரர் கொடுக்கிறார் என்று அவரிடமே போய்விடுவார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த 382 ரூபாய்க் கணக்கைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு அரை நாள் லீவு போட்டு அவரோடு பேங்க்குக்குப் போய் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட ஒருத்தர் வந்து நின்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மாற்றல் வாழ்க்கை வாழ்கிற நாமும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் சட்டி பானையோடு பிக்கப்பில் ஏறுகிறவர்கள்தான். அடுத்த தடவை வண்டி பேசும்போது வாடகையோடு நிறுத்தாமல் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தளத்தில் பலகை கிடந்தால் நூறு இருநூறு அதிகம் கேட்டாலும் கொடுங்கள். அந்தப் பலகைக்கு யாரோ எங்கேயோ தவணை கட்டிக்கொண்டிருப்பார்.